நிலமில்லாத சிங்கங்கள்

சிங்கம் என்றதும் நம் மனதில் எழுவது ஒரு பாறையின்மேல் பிடரி பறக்க நிற்கும் அரசனின் உருவம். அந்த ஆட்சி எத்தனை நாள் நீடிக்கிறது என்று நாம் கேட்பதில்லை. தான்சானியாவின் செரெங்கேட்டியில் ஓர் ஆண் சிங்கம் ஒரு கூட்டத்தைத் தன் பிடியில் வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். அதற்கு முன்னால் அது நிலமில்லாமல் அலைந்திருக்கும். தோற்றுப்போய் உயிர் மிஞ்சினால் மறுபடியும் அலையும். சிங்கங்களின் வாழ்க்கையில் நமக்கு மிகக் குறைவாகத் தெரிந்த பகுதி இந்த அலைச்சல்தான். ஆனால் ஒரு காட்டில் அடுத்த தலைமுறைக் குட்டிகள் பிழைப்பதும் சாவதும் இப்போது அலைந்துகொண்டிருக்கும் ஆண்களின் உடல்நிலையையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்திருக்கிறது. கூட்டமாக வாழும் சிங்கங்களை எண்ணிவிட்டு, எண்ணிக்கை கிடைத்துவிட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதற்குக் காரணம் இதுவே.

ஆண் குட்டிக்கு இரண்டரை, மூன்று வயது ஆகும்போது அது பிறந்த இடத்தில் இருக்க முடியாமல் போகிறது. சில சமயம் தகப்பன்மாரே விரட்டுகிறார்கள். பல சமயம் வெளியிலிருந்து புதிய ஆண்கள் வந்து தகப்பன்மாரைத் துரத்திவிட்டு, வளர்ந்த மகன்களையும் சேர்த்துத் துரத்துகிறார்கள். உடன்பிறந்த பெண்களுக்குத் தாயின் கூட்டத்திலேயே இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆண்களுக்கு இல்லை. ஒரே பருவத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள், பெரியம்மா சித்தி மகன்கள் என இரண்டு, மூன்று, சில சமயம் ஆறு ஏழு பேர் சேர்ந்து வெளியேறுகிறார்கள். பிடரி இன்னும் சரியாக முளைத்திருக்காது. வேட்டை அரைகுறையாகத்தான் தெரியும். கழுதைப்புலிகள் கொன்றதைப் பறிப்பது, வலசை போகும் காட்டெருதுக் கூட்டத்தின் பின்னால் போவது, தானாகச் செத்ததைத் தின்பது என்று காலம் ஓடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவருடைய எல்லை. அங்கே பிடிபட்டால் அடி, சில சமயம் சாவு.

இப்படி அலையும் சிங்கங்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் விரிவாக எழுதியவர் ஜார்ஜ் ஷாலர். 1966இல் செரெங்கேட்டிக்கு வந்த அவர், நிலையாக ஓரிடத்தில் இருக்கும் சிங்கங்கள், நாடோடிகளாகத் திரியும் சிங்கங்கள் என இரு வகையாகப் பிரித்தார். சிங்கங்களுக்கு மயக்க ஊசி போட்டுக் காதில் எண் வில்லை மாட்டினார். அவர் தொடங்கிய ஆய்வு பிரையன் பெர்ட்ரம், ஜீனெட் ஹான்பி, டேவிட் பைகாட் என்று கைமாறி, 1978இல் கிரெய்க் பேக்கரிடமும் ஆன் பியூசியிடமும் வந்தது. அது பல பத்தாண்டுகள் விடாமல் நடந்தது. ஒரு விலங்கின் தாத்தா யார், அது எந்த ஆண்டு எங்கிருந்து துரத்தப்பட்டது என்றெல்லாம் சொல்ல முடிவது அந்த விடாப்பிடியால்தான்.

இரண்டு ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்த ஒரு சிங்கம் திரும்ப வந்தால், அதுதான் இது என்று எப்படிச் சொல்வது? தழும்பு மாறும், பிடரி வளரும், காது கிழியும். மாறாத ஒன்று முகத்திலேயே இருக்கிறது. சிங்கத்தின் மேலுதட்டில் மீசை மயிர்கள் வரிசை வரிசையாக முளைக்கின்றன. ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு கறுப்புப் புள்ளி. முழுதாக ஓடும் மேல்வரிசைக்கும் மேலே இரண்டு, மூன்று, நான்கு புள்ளிகள் மட்டும் தனியாக நிற்கும். அந்தத் தனிப்புள்ளிகள் கீழ்வரிசையின் எந்தப் புள்ளிக்கு நேர் மேலே, அல்லது எந்த இரண்டுக்கு நடுவே நிற்கின்றன என்பது ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறு. இடக் கன்னத்துக்கும் வலக் கன்னத்துக்கும்கூட வேறு. பென்னிகுயிக், ருட்னாய் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் இந்த முறையை எழுதிவைத்தார்கள். குட்டியாக இருந்தபோது எடுத்த படமும் பத்து வயதில் எடுத்த படமும் புள்ளிக்குப் புள்ளி பொருந்தும். களத்தில் வேலை செய்கிறவர்கள் சிங்கத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, அது தலையைத் திருப்பும் வரை காத்திருந்து, இரு கன்னங்களையும் படமெடுக்கிறார்கள். பிறகு பழைய அட்டைகளோடு ஒப்பிடுகிறார்கள். இன்று கணினியும் இந்த வேலையில் உதவுகிறது. ஆனாலும் வெயிலில் ஈ மொய்த்துக்கொண்டிருக்கும் ஒரு முகத்தில் அந்த நான்கு புள்ளிகளைத் தேடும் கண்ணுக்கு ஈடு இல்லை.

முகம் கிடைத்தால்தானே புள்ளி? நாடோடி ஆண்கள் கண்ணில் படுவதையே தவிர்க்கின்றன. சிங்கத்தின் கர்ஜனை அமைதியான இரவில் எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும் என்பார்கள். நிலம் வைத்திருக்கும் ஆண்கள் இரவில் பலமுறை கர்ஜிக்கின்றன. அந்தச் சத்தம் ஒரு வேலி. ஜான் கிரின்னெல், கேரன் மெக்கோம்ப் ஆகிய இருவரும் பதிவுசெய்த கர்ஜனைகளை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். அந்நியக் குரல் கேட்டதும் அந்த நிலத்து ஆண்கள் நேராக ஒலிபெருக்கியை நோக்கிச் சண்டைக்கு வந்தன. குட்டி வைத்திருக்கும் பெண்களோ அந்நியக் குரலையும் தங்கள் ஆண்களின் குரலையும் பிரித்தறிந்து, அந்நியன் என்றால் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு விலகின. நாடோடி ஆண்கள் வாயே திறப்பதில்லை. அதே தொண்டை, அதே நெஞ்சுக்கூடு. நிலம் கிடைக்கும் வரை மௌனம். கர்ஜனை கேட்டுச் சிங்கத்தைத் தேடிப் போகும் வழக்கமான முறை இவற்றிடம் பலிக்காது.

அதனால்தான் கழுத்துப்பட்டை தேவைப்படுகிறது. முன்பு ரேடியோ அலை அனுப்பும் பட்டை இருந்தது. வண்டியின் கூரையில் ஆன்டெனாவோடு உட்கார்ந்து, சத்தம் எந்தத் திசையில் கூடுகிறது என்று கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். இப்போது செயற்கைக்கோள் வழியாக இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் பட்டைகள் வந்துவிட்டன. இதிலும் சிக்கல் இருக்கிறது. வளரும் இளம் ஆணுக்குக் கழுத்து பருக்கும், பிடரி அடரும். இன்று சரியாக இருக்கும் பட்டை சில மாதங்களில் இறுக்கும். அலையும் வயதில்தான் பட்டை மிகவும் தேவை, அதை மாட்டத் தயங்குவதும் அந்த வயதில்தான்.

சிங்கம் நோயாளியா, நலமா என்பதை அருகில் போய்ச் சோதிக்க முடியாது. எட்டி நின்று உடலைப் படிக்க வேண்டும். முதலில் வயிறு. இடுப்பெலும்புக்கு முன்னால் விலாப்பக்கம் குழி விழுந்திருக்கிறதா, வயிறு புடைத்துத் தொங்குகிறதா என்று பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு நாள் பட்டினி பெரிய விஷயமில்லை. நாலைந்து முறை பார்த்தும் குழி அப்படியே இருந்தால் கவலைப்பட வேண்டும். அடுத்தது நடை. முன்னங்காலை ஊன்றாமல் தூக்கிவைக்கும் சிங்கத்துக்குக் காட்டெருமை முட்டியிருக்கலாம், முள்ளம்பன்றியின் முள் பாதத்தில் ஏறியிருக்கலாம். பிறகு பல். இளமையில் வெள்ளையாகக் கூர்ந்திருக்கும் கோரைப்பல் வயதாக ஆக மஞ்சளித்து மழுங்கும், சில சமயம் உடையும். உடைந்த பல்லின் வேரில் சீழ் கட்டினால் சிங்கத்தின் போக்கே மாறிவிடும். 1898இல் கென்யாவின் சாவோவில் ரயில் பாதை போட வந்த இந்தியத் தொழிலாளர்களைக் கொன்று தின்ற இரண்டு பிடரியில்லாத ஆண் சிங்கங்களின் மண்டையோடுகள் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கீழ்த்தாடையில், கோரைப்பல்லின் அடியில், சீழ்க்கட்டியின் தடம் இன்றும் தெரிகிறது.

வயதை மூக்கு சொல்கிறது. இளம் சிங்கத்தின் மூக்கு நுனி இளஞ்சிவப்பு. ஆண்டுகள் போகப் போகக் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவுகின்றன. ஐந்து வயதுவாக்கில் ஏறத்தாழப் பாதி கறுத்திருக்கும். கேரில் விட்மனும் பேக்கரும் 2004இல் இதை வைத்து ஒரு கணக்கைச் சொன்னார்கள்: வேட்டைக்கு அனுமதிக்கும் நாடுகள் ஐந்து, ஆறு வயதைத் தாண்டிய ஆண்களை மட்டும் சுட அனுமதித்தால், சிங்கங்களின் தொகை பெரிதும் குலையாது. அந்த வயதுக்குள் ஓர் ஆண் தன் முதல் குட்டிகளை வளர்த்து முடித்திருக்கும். பிடரி இன்னொரு சாட்சி. பேட்டன் வெஸ்ட் என்ற ஆய்வாளர் ஆளுயரப் பொம்மைச் சிங்கங்களுக்கு வெளிர், கரும் பிடரிகளும் குட்டை, நீளப் பிடரிகளும் மாட்டிச் சமவெளியில் நிறுத்தினார். பெண்கள் கரும்பிடரிப் பொம்மையை நாடின. ஆண்கள் நீளப் பிடரிப் பொம்மையை விட்டு விலகின. கரும்பிடரி நல்ல தீனிக்கும் ஆண்மைச் சுரப்புக்கும் அடையாளம். காயம்பட்டவற்றின் பிடரி குட்டையாகிவிடுகிறது.

இத்தனையும் ஓர் உடலில் எப்படிச் சேர்ந்து வருகிறது என்று பார்க்க உகாண்டாவுக்குப் போக வேண்டும். குவீன் எலிசபெத் தேசியப் பூங்காவில் ஜேக்கப் என்றொரு சிங்கம். கள்ளவேட்டைக்காரர்கள் வைத்த பொறியில் சிக்கிப் பின்னங்கால்களில் ஒன்றை இழந்தது. காட்டெருமை ஒருமுறை முட்டிக் கிழித்தது. உறவுச் சிங்கங்கள் விஷத்துக்குப் பலியாயின. அந்தப் பூங்காவில் விஷம் புதிதல்ல. 2018இல் ஹமுகுங்கு கிராமத்தருகே 11 சிங்கங்களும், 2021இல் இஷாஷா பகுதியில் 6 சிங்கங்களும் விஷத்தால் செத்தன. இஷாஷாவில் கிடந்த உடல்களில் தலையும் பாதங்களும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. இப்படிப்பட்ட இடத்தில் மூன்று காலோடு ஒரு சிங்கம் பிழைத்திருப்பதற்கு இரண்டு காரணங்கள்: தேவைப்பட்டபோது மருந்து போட்ட கால்நடை மருத்துவர்கள், பக்கத்திலேயே இருந்த சகோதரன் டீபு.

2024 பிப்ரவரி தொடக்கத்தில் ஓர் இரவு. சில மணி நேரம் முன்பு பெண் சிங்கங்களுக்காக நடந்த சண்டையில் சகோதரர்கள் இருவரும் தோற்றிருந்தார்கள். ஜார்ஜ் ஏரியையும் எட்வர்ட் ஏரியையும் இணைக்கும் கசிங்கா கால்வாயின் கரைக்கு வந்தார்கள். நீர்யானைகளும் நைல் முதலைகளும் நிறைந்த நீர் அது. ஆய்வாளர் அலெக்சாண்டர் பிராச்கோவ்ஸ்கியின் குழு வெப்பத்தைப் பதிவுசெய்யும் கேமரா பொருத்திய ட்ரோனை மேலே பறக்கவிட்டிருந்தது. திரையில் கறுத்த நீரும், அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளும். இறங்கி, பின்வாங்கி, மறுபடி இறங்கி, மறுபடி பின்வாங்கி, கடைசியில் இருவரும் அக்கரை சேர்ந்தார்கள். தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். சிங்கம் இவ்வளவு தூரம் நீந்தியதாக முன்பு படத்தோடு பதிவானதில்லை. ஏன் நீந்தின? பூங்காவில் பெண் சிங்கங்கள் குறைந்து, ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் என்ற நிலை வந்துவிட்டதை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். வழக்கமாகப் பெண்களின் எண்ணிக்கைதான் கூடுதலாக இருக்க வேண்டும். கால்வாயின் மேல் பாலம் ஒன்று உண்டு. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். முதலையைவிட மனிதனே ஆபத்து என்று அந்த இரண்டும் முடிவெடுத்திருக்கலாம். ஜேக்கப்பின் உடல் தாங்கியதை வியக்கிறோம். அந்த நீச்சல் தேவைப்பட்டதே அந்தக் காட்டின் உடல்நலக் குறிப்பு என்பதையும் படிக்க வேண்டும்.

பக்கத்தில் ஒருவன் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைப் பேக்கரின் குழு 1991இல் மரபணு வழியாகக் காட்டியது. பெரிய ஆண் கூட்டணிகளில் இருப்பவர்கள் எல்லோரும் ரத்த உறவினர். அங்கே எல்லோருக்கும் குட்டி பிறப்பதில்லை, சிலர் அண்ணன் தம்பிக்காக மட்டுமே சண்டை போடுகிறார்கள். இரண்டு மூன்று பேர் கூட்டணியில் அந்நியரும் சேர்வது உண்டு. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் கூட்டாளிகளாக இருந்த சிசில், ஜெரிக்கோ என்ற இரு ஆண்களுக்கும் ரத்த உறவு இல்லை. குஜராத்தின் கிர் காட்டில் ஸ்தோத்ர சக்ரவர்த்தியும் யாதவேந்திரதேவ் ஜாலாவும் செய்த ஆய்வில், ஜோடியாக இருக்கும் ஆண்களில் வலுத்தது சேர்க்கைகளில் சுமார் 70 சதவீதத்தைத் தானே எடுத்துக்கொள்வது தெரிந்தது. அப்படியிருந்தும் மற்றது விட்டுப் போவதில்லை. தனி ஆணாக அலைவதைவிட மிச்சம் கிடைப்பதே மேல். கிரின் புகழ்பெற்ற ஜோடி ஜெய், வீரு. 2025இல் இருவரும் வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக இருந்த சமயத்தில் மற்ற ஆண்கள் அவர்களைத் தாக்கின. ஜூனில் வீரு, ஜூலையில் ஜெய் என இரண்டு மாதத்துக்குள் இருவரும் காயங்களால் செத்தார்கள், வனத்துறை சிகிச்சை அளித்தும்.

கென்யாவின் மசாய் மாராவில் வாழ்ந்த ஸ்கார்ஃபேஸ் என்ற ஆண் சிங்கத்தின் முடிவு இதற்கு மாறானது. நான்கு ஆண்கள் கூட்டணியில் ஒன்று. வலக்கண்ணின் மேல் ஆழமான வெட்டு ஒன்றோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. மாடுகளைப் பிடித்ததற்காக ஈட்டிக் காயமும் பட்டது. மருத்துவர்கள் பலமுறை ஊசி போட்டுப் புண்ணைக் கழுவினார்கள். சுமார் 14 வயதில், 2021 ஜூனில், இயற்கையாகச் செத்தது. காட்டு ஆண் சிங்கத்துக்கு அது அபூர்வமான வயது. சிங்கத்துக்கு மருத்துவம் பார்ப்பது இயற்கையில் தலையிடுவதில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். பொறியும் ஈட்டியும் விஷமும் மனிதன் செய்தவை. அவற்றுக்கு மருந்து போடுவது மனிதனின் கடமை என்பதே என் முடிவு. சிங்கம் சிங்கத்தைக் கடித்த காயத்தில் கை வைக்க எனக்கும் தயக்கம் உண்டு. அங்கே ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்றின் குட்டிகளை இழக்கிறோம்.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். புதிய ஆண்கள் ஒரு கூட்டத்தைப் பிடித்ததும் அங்கே இருக்கும் சிறு குட்டிகளைக் கொல்கின்றன. பால் கொடுப்பது நின்றதும் தாய் மறுபடி இணைசேரத் தயாராகிறது. ஆட்சி இரண்டு மூன்று ஆண்டுகள்தான் என்பதால் புதியவருக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆக, ஆண்கள் அடிக்கடி மாறும் காட்டில் குட்டிகள் வளரவே முடியாது. ஹ்வாங்கேயில் ஆண்ட்ரூ லவ்ரிட்ஜும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரும் கண்டது இதுதான். அவர்கள் அடையாளமிட்ட 62 சிங்கங்களில் 24ஐ, பூங்கா எல்லைக்கு வெளியே வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். எல்லையோரத்து ஆண் செத்ததும் அந்த இடம் காலியாகும். உள்ளேயிருந்து இன்னோர் ஆண் அங்கே நகரும், அதுவும் சுடப்படும். 2015 ஜூலையில் 13 வயதுச் சிசில் வேட்டையில் கொல்லப்பட்டபோது உலகம் கொதித்தது. அந்தச் சமயம் ஜெரிக்கோ உயிரோடு அங்கேயே இருந்ததால் சிசிலின் குட்டிகள் கொல்லப்படவில்லை. கிர் காட்டுப் பெண் சிங்கங்கள் வேறொரு வழி வைத்திருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எதிரெதிர் ஆண்கள் பலரோடும் அவை சேர்கின்றன. தன் குட்டியோ என்ற ஐயம் எல்லா ஆண்களையும் தடுத்துவிடுகிறது.

சாவு பல்லாலும் துப்பாக்கியாலும் மட்டும் வருவதில்லை, நோயாலும் வருகிறது. 1994இல் செரெங்கேட்டியில் நாய்களிடமிருந்து வந்த கேனைன் டிஸ்டம்பர் நோய் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது. மூன்றில் ஒரு பங்கு. முந்தைய வறட்சியில் மெலிந்த காட்டெருமைகளில் உண்ணி பெருகி, அந்த உண்ணிகள் வழியாகப் பெபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி சிங்கங்களுக்குள் அளவுக்கு மீறி ஏறியிருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் சாவு இவ்வளவு. இதே வைரஸ் வேறு ஆண்டுகளில் வந்து, யாரும் கவனிக்காமலே போயிருக்கிறது. ஊர் ஊராகத் திரியும் நாடோடி ஆண்கள் பரப்பியிருக்கும் என்றுதான் யாரும் சந்தேகப்படுவார்கள். மெகன் கிராஃப்ட் என்ற ஆய்வாளரின் கணக்கீடுகள் பழியை அவற்றின்மேல் முழுதாகப் போடவில்லை. அடுத்தடுத்த நிலத்துக் கூட்டங்கள் எல்லையில் சந்தித்துக்கொள்வதற்கும், கழுதைப்புலி, குள்ளநரி போன்றவற்றிலிருந்து நோய் திரும்பத் திரும்பத் தாவுவதற்கும் பங்கு பெரிது.

ஆய்வாளர்களை வெகுகாலம் தடுமாறவைத்த கேள்வி ஒன்று உண்டு. மூன்று வயது ஆண் ஒன்று ஒரு நாள் காணாமல் போகிறது. செத்ததா, போனதா? செத்தது என்று எழுதினால் ஆண்களின் சாவு விகிதம் பொய்யாக ஏறும். போனது என்று எழுதினால் பொய்யாக இறங்கும். 2016இல் செரெங்கேட்டி, ஹ்வாங்கே இரண்டின் பதிவேடுகளையும் எடுத்து, இரண்டு சாத்தியத்தையும் ஒரே கணக்கில் வைத்து மதிப்பிடும் முறையை ஒரு குழு வெளியிட்டது. பெண்களைவிட ஆண்கள் சாவது அதிகம் என்பதும், வேட்டை நடக்கும் ஹ்வாங்கேயில் ஆண்களின் நிலை இன்னும் மோசம் என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. சாவின் காரணத்தைத் தேடுமுன், சாவு நடந்ததா என்பதையே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

போன சிங்கம் போய்ச் சேர்ந்த கதையும் ஒன்று இருக்கிறது. கிரிலிருந்து விலகி, குஜராத் கடற்கரையில் மாதவ்பூர் பக்கம் திரிந்த மூன்றரை வயது ஆணுக்கு வனத்துறை ரேடியோ பட்டை மாட்டியது. 2023 ஜனவரியில் அது போர்பந்தருக்கு அருகே பர்தா மலைச் சரணாலயத்துக்குள் நுழைந்தது. அங்கே அதற்கு முன்பு சிங்கம் காணப்பட்டது 1879இல். யாரும் கூண்டில் ஏற்றிக் கொண்டுபோகவில்லை, தானாக நடந்து போனது. பிறகு பெண் சிங்கங்களும் அங்கே சேர்ந்தன. 2025 கணக்கெடுப்பில் பர்தாவில் 17 சிங்கங்கள், அவற்றில் 11 குட்டிகள். அதே கணக்கெடுப்பில் குஜராத்தின் மொத்தச் சிங்கங்கள் 891, பாதிக்கு மேல் காப்புக்காட்டுக்கு வெளியே. வெளியே என்றால் பருத்திக் காடு, மாந்தோப்பு, கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, பிபாவாவ் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் பாதை. இளம் ஆண்கள் முதலில் கால் வைப்பது இங்கேதான்.

2018இல் கிரின் தல்கானியா பகுதியில் டிஸ்டம்பர் வந்தபோது சில வாரங்களில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. எல்லாச் சிங்கங்களும் ஒரே நிலப்பரப்பில் இருப்பது ஆபத்து என்றுதான் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் கூனோவுக்கு மாற்ற உத்தரவிட்டது. மாற்றவில்லை. 2022 செப்டம்பரில் கூனோவுக்கு வந்தவை நமீபியாவின் சிவிங்கிப்புலிகள். பர்தாவும் கிரும் ஒரே சௌராஷ்டிரத்தில், ஒரே நாய்களுக்கும் ஒரே கால்நடைகளுக்கும் நடுவே இருக்கின்றன. பர்தா வரை ஒரு நாடோடி ஆணால் நடக்க முடிந்தது. கூனோ வரை எந்தச் சிங்கத்தாலும் நடக்க முடியாது. அந்த வழியில் வண்டி அனுப்ப வேண்டியது நாம்தான், அதுவும் அடுத்த வைரஸ் வருவதற்கு முன்னால்.